ஐந்து பூட்டுப் போட்ட இறால் பெட்டி

பொன்னேரியில் மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவன் நான். பெயர் பிரபாகரன். திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, இரங்கல் கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். இந்தத் தொழிலில் ஒரு கொடுமை இருக்கிறது. பேச்சு பிடிக்கவில்லையென்றால் மற்றவர்கள் டீ குடிக்க எழுந்து போய்விடலாம். மைக் செட்டுக்காரன் நன்றியுரை வரைக்கும் உட்கார்ந்து கேட்டுத் தொலைக்க வேண்டும். அப்படிக் கேட்டுத் தொலைத்த பேச்சுகளில், போன வருடம் மே மாதம் பழவேற்காடு ஏரிக்கரையில், நடுமேட்டுக் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் கேட்டதற்குத்தான் முதல் பரிசு கொடுப்பேன்.

அன்றைக்கு அந்தக் கூடத்துக்கு இரண்டு புக்கிங். சாயங்காலம் நாலு மணிக்கு பால்ராஜ் மகள் பிரின்சிக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முன்னால், காலையிலிருந்து நாலு மணி வரை, ஐந்து நாடுகளின் மத்திய வங்கித் தலைவர்கள் மாநாடு. ஒரு தடவை குழாய் ஸ்பீக்கர் கட்டினால் இரண்டு வாடகை. சந்தோஷமாகத்தான் வண்டியில் சாமான் ஏற்றினேன்.

எந்த ஐந்து நாடுகள் என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லக்கூடாது என்று எனக்கு முதலிலேயே உத்தரவு. எந்த வரிசையில் சொன்னாலும் பின்னால் வருகிற நான்கு நாடுகளுக்குக் கோபம் வந்துவிடுகிறதாம். அதனால் மலை நாடு, தீவு நாடு, ஆற்று நாடு, பாலை நாடு, பெரிய நாடு என்று மாற்றுப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அக்கம்பக்கத்து நாடுகள்தான். ஆனால் எல்லையைத் தாண்டினால் ஒருவருடைய நோட்டு அடுத்தவருக்கு வெறும் காகிதம். ஐந்துக்கும் பொதுவாக ஒரே பணம் கொண்டுவருவது என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கி, வருடக்கணக்காக நட்சத்திர ஓட்டல்களில் கூடிப் பேசி, அடுத்த கூட்டம் எந்த ஓட்டலில் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

ஓட்டலை விட்டு அவர்கள் குப்பத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு நிபுணரின் அறிக்கை. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஏறுகிற இடங்கள் கொஞ்சம்; வலை போட ஆட்கள் நிறைய. அதனால் இங்கே சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வந்தால் அந்த இடம் உன்னுடையது. வேறு எவனும் அங்கே வலையை நனைக்க மாட்டான். நடுமேட்டுக் குப்பத்தில் இதில் ஒரு கூடுதல் கண்டிப்பும் உண்டு. நேரம் முடிந்த பிறகு அந்த இடத்தில் எதை விட்டுவைத்தாலும், மீனானாலும் வலையானாலும், அது அடுத்து வருகிறவனுக்குச் சொந்தம். அண்ணன் தம்பி என்றாலும் விலக்கு இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஊர்கள்கூட இப்படி ஒரே ஏரியைப் பங்கு போட்டுப் பிழைக்கின்றனவே, நாம் ஒரே பணத்தை வைத்துப் பிழைக்க முடியாதா என்று நிபுணர் எழுதியிருந்தாராம். அவர் ஏரியைப் பார்த்தது கூகுள் வரைபடத்தில்.

கூட்டமைப்பின் செயலாளர் தருமலிங்கம் நம் ஊர்க்காரர். மே மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். காலையில் என்னிடம் வந்து, "மைக்குகள் ஐந்தும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்" என்றார். ஐந்து தலைவர்களும் ஒரே உயரம் இல்லையே என்றேன். "அது அவரவர் உள்நாட்டு விவகாரம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் பால்ராஜ் கரையேறி வந்தார். அவருடைய பாடு சரியாக முந்தின நாள் ராத்திரிக்கு விழுந்திருந்தது. தலையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ் போட்ட இறால், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். ஆள் களைத்துப் போயிருந்தாலும் முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளை ஜோயல் லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன். அவர்கள் கடல்காரர்கள். ஏரிக்காரர்கள் என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே ஜோயலோட நைனா கேட்டாரு, ஏரில இன்னாய்யா கீது, முட்டிக்கால் தண்ணியும் சேறுந்தானன்னு" என்று பால்ராஜ் என்னிடம் சொன்னார். "நிச்சயத்தன்னிக்கு எங்க ஏரி இறாலு போடறேன், துன்னு பாத்துட்டு அப்பால பேசுன்னு வாக்கு குடுத்துட்டேன் தம்பி. நல்ல நேரம், பாடும் விழுந்துச்சு, இறாலும் ஏறிச்சு."

தருமலிங்கத்தின் கண் பெட்டியின் மேல் விழுந்தது. அவர் நிகழ்ச்சி நிரலில் முதல் வரி 'பொதுப் பணத்தில் முதல் வியாபாரம், புகைப்படத்துடன்' என்று இருந்தது. விற்பதற்கு ஆள் ஏற்பாடு செய்ய மறந்துவிட்டிருந்தார்.

"பெரியவரே, ஒரு பத்து நிமிடம். நீங்கள் இந்தப் பெட்டியை எங்களுக்கு விற்பதுபோல் ஒரு படம். அவ்வளவுதான்."

"விக்கறதுக்கு இல்ல சார். ஊட்டு விசேஷத்துக்கு."

"விற்பதுபோல்தான்."

பால்ராஜ் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர். கோட்டுப் போட்டவரை எதிர்த்து நிச்சயமாகப் பழகாதவர். பெட்டியை மேடையில் வைத்தார். ஐந்து தலைவர்களும் சுற்றி நின்று ஒரு நோட்டை ஐந்து பக்கமும் பிடித்து அவர் கையில் கொடுத்தார்கள். நல்ல வழவழப்பான நோட்டு. நானும் எட்டிப் பார்த்தேன். அதில் பணத்தின் பெயர் இல்லை. எவ்வளவு என்ற எண்ணும் இல்லை. நடுவில், தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தூங்குகிற ஒரு பூநாரை மட்டும் இருந்தது.

"இது எவ்ளோ சார்?" என்று கேட்டார் பால்ராஜ்.

"அதைத்தான் இன்று முடிவு செய்யப் போகிறோம். பெயர் விஷயம் துணைக் குழுவில் இருக்கிறது. படம் மட்டும் முடிவாகிவிட்டது. முதலில் தலைவர்கள் படம் போட நினைத்தோம், சண்டை வந்தது. பிறகு சிங்கம், யானை, மீன் என்று பார்த்தோம். எதைப் போட்டாலும் அது ஏதோ ஒரு நாட்டின் பக்கம் பார்த்தது. இந்தப் பறவை யாரையும் பார்க்கவில்லை" என்றார் தருமலிங்கம்.

பத்து நிமிடம் கழித்துப் பால்ராஜ் பெட்டியைத் தூக்கப் போனார். மலை நாட்டுத் தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார். ஒரு நோட்டு வெளியில் வந்துவிட்டது, நோட்டு வெளியில் வந்தால் அதற்கு ஈடாக ஒரு சொத்து வங்கியில் இருக்க வேண்டும், உலகம் முழுக்க இதுதான் முறை என்றார். கூட்டமைப்புக்குச் சொத்து என்று என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். ஒரு லெட்டர் பேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, இப்போது வாங்கிய இறால் பெட்டி. ஆகவே இறால் பெட்டிதான் பொதுப் பணத்தின் கையிருப்பு என்று அறிவிக்கப்பட்டது.

"சார், விக்கறாப்பலன்னு தான சொன்னீங்க?"

"நோட்டைக் கையில் வாங்கினீர்களா இல்லையா? ஐந்து நாட்டுப் பத்திரிகையிலும் படம் வரப்போகிறது. கவலைப்படாதீர்கள். நாலு மணிக்குள் மதிப்பை முடிவு செய்துவிடுவோம். அந்த நோட்டைக் கொடுத்து நீங்கள் இரண்டு பெட்டி இறால்கூட வாங்கலாம்."

கையிருப்பைப் பூட்ட வேண்டுமே. தெர்மாகோல் பெட்டிக்குப் பூட்டுப் போட வழி இல்லை. ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்து அதற்குள் இதை வைத்து, சங்கிலி சுற்றி, ஒவ்வொரு நாடும் ஒரு பூட்டுப் போட்டது. ஐந்து சாவியும் ஐந்து சட்டைப் பைக்குள் போயின. மேடை நடுவில் மேசை போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து, ஒரு மாலையும் சாத்தினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு பால்ராஜின் மனைவி ஆரோக்கியமேரி கரண்டியோடு வந்தாள். அடுப்பில் மசாலா வதங்கிக்கொண்டிருந்தது. புருஷன் கையில் இருந்த நோட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அன்னிக்கு ஒரு தபா ராத்திரி படுத்து காத்தால எயுந்தா நோட்டு செல்லலன்னாங்க. இது படுக்கறதுக்கு முன்னியே செல்லாது போல கீதே" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "ஏன்யா, உன்ன எவனாவது 'செத்தாப்பல படு, ஒரு போட்டோ எடுத்துக்கறோம்'னு சொன்னா படுத்துடுவியா?" என்றாள். பால்ராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அவள் அதே சூட்டில் நோட்டை எடுத்துக்கொண்டு ஏலக் கரைக்குப் போனாள். வேறு யாரிடமாவது இறால் வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. யாரும் நோட்டைத் தொடவில்லை. ஒருவன் மட்டும் பறவை அழகாக இருக்கிறது, பிள்ளை விளையாடக் கொடுக்கிறாயா என்று கேட்டானாம். கையில் இருந்த நல்ல பணம் எல்லாம் அரிசிக்கும் பந்தலுக்கும் போய்விட்டது. போதாததற்கு நல்ல இறாலை அன்றைக்கு ஆரம்பாக்கம் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனி வண்டி விடியற்காலையிலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்து கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பால்ராஜ். இன்னொரு பக்கம் குப்பத்துத் தலைவர் அங்கமுத்து. நிகழ்ச்சி நிரலில் 'மக்கள் பங்கேற்பு' என்று போட்டிருந்தது இவர்கள் மூன்று பேரையும் என்னையும்தான். எங்களுக்காகத் தலைவர்கள் பேசப் பேசத் தருமலிங்கம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் தீர்மானம் ஒரு நொடியில் நிறைவேறியது. நடுமேட்டுக் குப்பத்துப் பாடு முறையைப் பாராட்டி, அதன் எல்லா விதிகளையும் இந்த மாநாடு தன் நடவடிக்கைகளுக்கு அப்படியே ஏற்றுக்கொள்கிறது என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். செலவில்லாத தீர்மானம் என்பதால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பிரதி ஒன்றை மரியாதைக்காக அங்கமுத்துவிடம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி, நிதானமாகப் படித்து, மடித்து, ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு பேச்சு தொடங்கியது.

மலை நாட்டுத் தலைவர் பேசினார். "எங்கள் நாட்டில் விலைவாசி ஏறுவதே இல்லை. எந்தப் பொருளின் விலை ஏறுகிறதோ அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். அரிசியை எடுத்தோம், எண்ணெயை எடுத்தோம், போன மாதம் வாடகையை எடுத்தோம். இப்போது எங்கள் கணக்கில் மிச்சம் இருப்பது ரேடியோ பெட்டியும் குதிரை லாடமும்தான். இரண்டும் மிகவும் நிலையாக இருக்கின்றன."

பாலை நாட்டுத் தலைவர் தன்னாட்சியைப் பற்றிப் பேசினார். "எங்கள் வங்கி முழுச் சுதந்திரம் உள்ளது. வட்டியை ஏற்று, இறக்கு என்று எந்த மந்திரியும் எனக்குப் போன் செய்தது கிடையாது. நானேதான் போன் செய்து கேட்டுக்கொள்வேன்."

ஆற்று நாட்டுக்காரர் எழுந்தார். "எங்கள் நோட்டில் பூஜ்ஜியம் பெருகிவிட்டது என்று மக்கள் குறை சொன்னார்கள். மக்கள் குரலுக்கு மதிப்புக் கொடுத்து மூன்று பூஜ்ஜியத்தை நீக்கினோம். நீக்கிய பூஜ்ஜியங்கள் வீணாகவில்லை. வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்."

தீவு நாட்டுக்காரருக்குக் குரல் தழுதழுத்தது. "எங்கள் கையிருப்பு தீர்ந்தபோது நாங்கள் பயப்படவில்லை. தீரவில்லை என்று தினமும் மாலையில் ஓர் அறிக்கை விட்டோம். அறிக்கை அடிக்கக் காகிதம் வாங்கக் காசு இல்லாத நாள் வரை மக்கள் எங்களை நம்பினார்கள்."

பெரிய நாட்டுத் தலைவர் உட்கார்ந்தபடியே பேசினார். "இங்கே ஐந்து நாடுகளும் சமம். நாங்கள் யாரையும் அதட்டுவதில்லை. அதட்ட வேண்டிய தேவை எங்களுக்கு வந்ததில்லை." மற்ற நான்கு பேரும் கை தட்டினார்கள். அவர் நிறுத்தச் சொல்கிற வரை தட்டினார்கள்.

மணி பதினொன்றைத் தாண்டியது. கூரை காய்ந்து கூடம் அடுப்பாகிவிட்டது. மேசையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பெட்டிக்குள் ஐஸ் உருகித் தகரத்தின் மூலை வழியாகக் கசிந்து, தீவு நாட்டுத் தலைவரின் நாற்காலியை நோக்கி ஓடியது.

உடனே பாலை நாடு எழுந்து, கையிருப்பு ஒரே ஒரு நாட்டுப் பக்கம் போகிறது என்று கண்டனம் தெரிவித்தது. மேசை சாய்வாக இருக்கிறது என்று சமாதானம் சொன்னார் தருமலிங்கம். சாய்த்தது யார் என்று மலை நாடு கேட்டது. ஒரு காலுக்கு அடியில் தேங்காய்ச் சிரட்டையை வைத்தார்கள். தண்ணீர் ஆற்று நாட்டுப் பக்கம் திரும்பியது. சிரட்டையை எடுத்தார்கள். கடைசியில் ஐந்து பக்கமும் ஐந்து குவளை வைத்து, கசிவை அளந்து சமமாக ஊற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. இதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஆரோக்கியமேரி ஒரு பக்கெட் நிறைய ஐஸ் கொண்டுவந்து மேடையருகே வைத்தாள்.

"ஐயா, எங்க இறாலை நீங்களே வெச்சிக்கினு கீறீங்க, சரி. கெட்டுப் பூடும். இந்த ஐஸையாவது மேல கொட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

தருமலிங்கம் தலைவர்களோடு கலந்து பேசிவிட்டு வந்தார். "அம்மா, உங்கள் நல்லெண்ணத்தை மாநாடு வரவேற்கிறது. ஆனால் இந்த ஐஸ் ஒரே ஒரு நாட்டுத் தண்ணீரில் உறைந்தது. இதைக் கொட்டினால் பொதுக் கையிருப்பில் அந்த நாட்டின் பங்கு கூடிவிடும். ஐந்து நாட்டுத் தண்ணீரும் சம அளவில் கலந்து உறைந்த ஐஸ் கிடைக்குமா?"

"ஐஸ் கம்பெனில கேட்டுப் பாருங்க" என்றாள் ஆரோக்கியமேரி. அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஐஸுக்கு ஒரு துணைக் குழு அமைந்தது.

இரண்டு மணிக்கு மாற்று விகிதம் வந்தது. ஒரு பொதுப் பணத்துக்கு எத்தனை மலைப் பணம், எத்தனை தீவுப் பணம் என்கிற விவகாரம். அதை முடிக்காமல் சாப்பாட்டு இடைவேளை கிடையாது என்று நிரலில் இருந்தது. பின்வாசலில் சென்னையிலிருந்து வந்த சாப்பாடு பெரிய பெரிய பாத்திரங்களில் மூடியோடு காத்திருந்தது. மட்டன் பிரியாணி வாசனை எனக்கு வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதை வேறொரு வாசனை அமுக்கிவிட்டது.

எங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். இறால் கெட ஆரம்பித்தால் ஊருக்கே சொல்லிவிடும். மேடையில் இருந்தவர்களுக்கும் தெரியாமல் இல்லை. ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. யார் முதலில் எழுகிறாரோ அவருக்குப் பொதுப் பணத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் ஆகிவிடும். தருமலிங்கம் மைக்கில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார்: "நமது கையிருப்பின் இருப்பை இப்போது எல்லா உறுப்பு நாடுகளும் உணர்கின்றன."

அடுத்து பூனைகள் வந்தன. குப்பத்துப் பூனைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஜன்னல் வழியே குதித்து மேடையைச் சுற்றி உட்கார்ந்தன. ஆற்று நாட்டுத் தலைவருக்கு முகம் மலர்ந்தது. பணம் வெளியிட்ட முதல் நாளே வெளியார் ஆர்வம் இவ்வளவு இருப்பது நல்ல அறிகுறி என்றார். அதையும் தீர்மானத்தில் சேர்த்தார்கள்.

மூன்றரைக்குக் கரண்டு போயிற்று. மின்விசிறி நின்றது. அதுவரை அந்த வாசனையை ஏரிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது மின்விசிறிதான். பெரிய நாட்டுத் தலைவரின் கண்ணில் நீர் வந்தது. ஐந்து பேரும் அவசரமாகத் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். தருமலிங்கம் என்னிடம் ஓடி வந்தார்.

"பேட்டரி மைக் இருக்கிறதா? எல்லோரும் ஒரே கணத்தில் எழுந்திருப்பது என்று ஒருமனதாக முடிவாகியிருக்கிறது. நடுநிலையான ஒருவர் எண்ண வேண்டும். நீங்கள் எண்ணுங்கள்."

எத்தனையோ ஆயிரம் தடவை மைக்கில் ஒன் டூ த்ரீ சொல்லியிருக்கிறேன். சொன்னதற்கு ஒரு பலன் கிடைத்தது அன்றைக்குத்தான். த்ரீ சொல்லி வாயை மூடுவதற்குள் மேடை காலி. ஐந்து கார்களும் பழவேற்காடு பாலத்தைத் தாண்டுகிற வரை புழுதி அடங்கவில்லை. கூட்டமைப்பின் வரலாற்றில் எல்லா நாடுகளும் ஒரே திசையில் போனது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

நாலு மணி அடித்தது. தருமலிங்கம் மட்டும் சாப்பாட்டுப் பாத்திரங்களை வண்டியில் ஏற்ற ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வாசலில் அங்கமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நேரம் பூடுச்சு சார்" என்றார். "இனிமே இது பால்ராஜோட பாடு. உள்ள இன்னா கெடந்தாலும் அவனுது."

"என்ன பேசுகிறீர்கள்? அது மாநாட்டுச் சாப்பாடு."

அங்கமுத்து ஜிப்பாப் பைக்குள் கையை விட்டுத் தீர்மானத்தை எடுத்து விரித்தார். "எல்லா விதியும்னு போட்டுக்கீது. அஞ்சு கையெழுத்து கீது."

"அது கொள்கை அளவில் ஏற்றது ஐயா."

"எங்க ஏரில கொள்கை அளவுன்னு ஒரு அளவு கெடையாது சார். பாடு முடிஞ்சா முடிஞ்சதுதான். நாளைக்கே நான் வலைய வுட்டுட்டு வந்தாலும் இதே கதிதான்."

தருமலிங்கம் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். வாசலில் கூட்டம் சேர்ந்ததும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். குப்பமே சிரித்தது. மட்டன் பிரியாணி, கோழி, பன்னீர், ஐந்து நாட்டு இனிப்பு. நூறு பேர் சாப்பிடலாம். பால்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்து வருகிறவனுக்குச் சொந்தம் என்கிற கணக்கில் மேடையில் இருந்த பெட்டியும் அவருக்கே திரும்பி வந்திருந்தது. அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நைனா, எழுந்து வா. அவங்க வந்துட்டாங்க" என்றாள் பிரின்சி. புதுப் புடவையில் இருந்தாள். அவர் எழவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தானியேல் நாற்பது பேரோடு உள்ளே வந்தார். கடல்காரர்களுக்கே உரிய பெரிய குரல்.

"இன்னா சம்பந்தி, இந்த நாத்தம் நாறுது? இதான் உங்க ஏரி இறாலா?"

பிரின்சி முந்தானையை முறுக்கினாள். பால்ராஜ் எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல், படம் எடுத்ததிலிருந்து பூனை வந்தது வரை சொன்னார். "வாக்கு குடுத்தேன் சம்பந்தி. பிடிச்சிக்கினும் வந்தேன். உங்க இலைல போட முடியல. எனக்கு வெக்கமா கீது."

தானியேல் திரும்பி வெளியே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு நங்கூரக் கல்லோடு திரும்பி வந்தார். ஐந்து பூட்டையும் ஒவ்வொன்றாக அடித்து உடைத்தார். மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு இறாலை எடுத்துத் தன் கையில் வைத்து அளந்து பார்த்தார். தன்னோடு வந்தவர்களுக்கும் தூக்கிக் காட்டினார்.

"சைஸைப் பாருங்கடா. எங்க கடல்ல எத்தினி வருசமா பிடிக்கறோம், ஒரு கவர்மெண்டாவது நம்ம இறாலுக்குப் பூட்டு போட்டிருக்கா? இங்க அஞ்சு கவர்மெண்டு போட்டிருக்கான்." பிறகு பால்ராஜின் தோளில் கை வைத்தார். "நீ பிடிச்ச, அவன் கெடுத்தான். இதுல உனக்கு இன்னா வெக்கம்? கடல்லயும் இதே கதிதான் சம்பந்தி, நாம பிடிப்போம், எவனோ கெடுப்பான். கைய கழுவிக்கினு வரேன், ஜெபத்தை ஆரம்பிக்கச் சொல்லு."

பால்ராஜ் அழுதார். ஆரோக்கியமேரி கரண்டியைக் கீழே வைத்தாள், காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தாள். ஜெபம் முடிந்து தட்டு மாற்றியபோது கரண்டும் வந்தது. மாநாட்டுப் பிரியாணியில் உப்பு கொஞ்சம் கம்மி.

பெட்டியைக் கூடத்தின் பின்பக்கம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். பத்து நாள் கழித்துக் கூட்டமைப்பின் அறிக்கை பேப்பரில் வந்தது. மாநாடு மாபெரும் வெற்றி. வெளியிட்ட நோட்டுகளில் ஒன்றுகூட மதிப்பு இழக்கவில்லை. கையிருப்பு, உலகின் மற்ற முன்னணி வங்கிகளைப் போலவே, பூமிக்கு அடியில் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது. எனக்கு வாடகையாகத் தபாலில் ஒரு பூநாரை நோட்டு அனுப்பியிருந்தார்கள். பால்ராஜ் நிச்சயதார்த்த வாடகையை அன்றைக்கே ரூபாயாகக் கொடுத்துவிட்டார்.

இந்த மே மாதம் தருமலிங்கம் மறுபடி வந்தார். ஆண்டுத் தணிக்கையாம். பிரின்சிக்கு வளைகாப்பு என்று நானும் அங்கே குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். புதைத்த இடத்தில் ஆரோக்கியமேரி நட்ட முருங்கை கூரைக்கு மேல் போய்க் காய்த்துத் தொங்கியது. பக்கத்தில் அவளுடைய கருவாட்டுக் கடை. தருமலிங்கம் மரத்தைச் சுற்றி வந்து, கையிருப்பு நல்ல வளர்ச்சி என்று குறித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, வீட்டுக்கு நாலு காய் வேண்டும் என்றார்.

"இருபது ரூவா" என்றாள் ஆரோக்கியமேரி.

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு பூநாரை நோட்டை எடுத்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. மரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்த அட்டையைக் கரண்டியால் காட்டினாள். அவர் நோட்டை உள்ளே வைத்துவிட்டு, செல்போனை எடுத்து அந்த அட்டைக்கு நேரே பிடித்தார்.

'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று கருவாட்டுக் கூடைக்கு நடுவிலிருந்து ஒரு சின்னப் பெட்டி பேசியது. பணத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் அது ஒன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஆரோக்கியமேரி நாலு காயை எண்ணிக் கட்டிக் கொடுத்தாள்.